வெத்தில வட்டாவில வைக்கிற பொயிலயும் புகையிலதான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மட்டக்களப்பு படுவான்கரையில, கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு சின்னக் கட வச்சிருக்கிறன். 22 வருசமாச்சு. உங்கட பேப்பர் காலம்பற பஸ்ஸில வரும், கட்ட அவுத்தோடன நான் முதல் படிக்கிறது இந்தக் கடிதப் பக்கந்தான், ஆனா எழுதினது ஒருநாளும் இல்ல. இப்ப எழுதாட்டி மனம் ஆறாது எண்டுதான் எழுதுறன். எழுத்துப் பிழை இருந்தா திருத்துங்க, விசயத்த மட்டும் குறைச்சிப் போடாதீங்க.

போன மாசம் ஒரு பின்னேரம், பள்ளி விட்டு வந்த உடுப்போட ஒரு பொடியன் கடைக்கு வந்தான். நாலாம் வகுப்புப் படிக்கிறான், எங்கட ஒழுங்கையில இருக்கிற புள்ளதான். கையில நூறு ரூவாத் தாள். "மாமா, பெத்தாக்கு ஒரு துண்டு பொயிலயும் நாலு பாக்கும் தரட்டாம்" எண்டான். பெத்தா எண்டா அவன்ட பாட்டி. இதே பொடியன் அப்பாக்கு ஒரு சிகரெட் எண்டு கேட்டிருந்தா நான் மட்டுமில்ல இந்த ரோட்டில உள்ள எந்தக் கடக்காரனும் ஏசித்தான் அனுப்புவான், 21 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்கு புகையிலச் சாமான் விக்கக் கூடாது எண்டு 2006ம் ஆண்டு 27ம் இலக்கச் சட்டத்தில இருக்கு, அதுக்குப் போர்டும் கொளுவி வச்சிருக்கிறம். ஆனா பொயிலத் துண்டு? நான் 21 வருசமா சின்னப் புள்ளைகள்ட கையில குடுத்தனான். பெத்தாக்குத்தானே, வெத்திலைக்குத்தானே எண்டு குடுத்தனான். அது புகையில எண்டு ஒருநாள் கூட எனக்கு யோசன வரல்ல.

அண்டைக்கு "இல்ல மனே, மாமா இப்ப பொயில விக்கிறல்ல" எண்டு சொன்னன். அவன் ஒண்டும் பேசல்ல, ரோட்டக் கடந்து மத்தக் கடைக்குப் போய் ரெண்டு நிமிசத்தில பேப்பர்ல சுத்தின துண்டோட சைக்கிள்ள போறான். பாத்துக்கொண்டு நிண்டன். அண்டு ராத்திரிதான் இத எழுதத் தொடங்கினது.

பொயில எப்பிடி விக்கிறது எண்டு கடக்காரனுக்குத்தான் தெரியும், அதையும் சொல்றன். யாழ்ப்பாணப் பொயில கட்டா வரும். கறுத்து, பாணி பூசின மாதிரிக் கையில ஒட்டும். காஞ்சா நொறுங்கி நட்டம் எண்டு ஈரச் சாக்கால மூடி வெயில் படாத மூலையில வைப்பம். சாக்கத் திறந்தா அந்த மணம் கட முழுக்க நிக்கும், வெட்டின கையில சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது, என்ட மகள் சின்னனில என்ட கையால சோறு தீத்த விடமாட்டாள். வெறும் வயித்தோட ஒரு கட்ட வெட்டி முடிச்சா தல சுத்தும், ஒருக்கா சத்தியும் எடுத்திருக்கிறன். தோலில பட்டதுக்கே அப்பிடி எண்டா அத கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சிக்கொண்டு நித்திர கொள்ற ஆளுக்கு உள்ள என்ன நடக்கும் எண்டு அப்ப யோசிச்சிருக்க வேணும்.

வெட்டின துண்ட பழைய பேப்பர்லதான் சுத்திக் குடுக்கிறது. சிகரெட் பெட்டிய எடுத்துப் பாருங்க, 2015ல இருந்து பெட்டியில 80 வீதம் படமும் எச்சரிக்கையும் இருக்க வேணும் எண்டு சட்டம், அழுகின வாய், தொண்டையில ஓட்ட, அதப் பாத்திட்டுத்தான் ஒரு ஆள் சிகரெட்ட உருவுறார். பொயிலத் துண்டுக்குப் பெட்டியும் இல்ல படமும் இல்ல, சுத்தின பேப்பர்ல பழைய கிரிக்கெட் செய்தி இருக்கும், இல்லாட்டி கலியாண விளம்பரம் இருக்கும். அவ்வளவுதான்.

இனி என்ட மாமாட கதையச் சொல்ல வேணும். அம்மாட கூடப் பிறந்த தம்பி, வெள்ளாமக்காரர். சிகரெட் வாழ்நாள்ல தொட்டதில்ல, சாராயமும் இல்ல, ஊருக்குள்ள நல்ல பழக்கமுள்ள ஆள் எண்டா அவரத்தான் காட்டுவாங்க. வெத்தில மட்டுந்தான். விடிய நாலு மணிக்கு வயல் வட்டைக்கு இறங்கக்குள்ள முதல் வாய், தேத்தண்ணிக்குப் பொறகு ஒண்டு, பத்து மணிக்கு ஒண்டு, சோத்துக்குப் பொறகு ஒண்டு, ஒரு நாளைக்கு பன்ரெண்டுக்குக் குறையாது. இடுப்பில எப்பவும் வெத்தில பாக்கு வைக்கிற கொட்டப்பெட்டி செருகியிருக்கும். கதிர் முத்துற காலத்தில யானைக் காவலுக்குப் பரண்ல படுக்கிறவர், பொயிலய இடது கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சிக்கொண்டுதான் ராப்பூரா இருப்பார். "பொயில இல்லாட்டி கண்முழிக்க ஏலா மருமகன்" எண்டு சொல்லுவார். நான்தான் குடுக்கிறது. மாமாக்கு எண்டு நல்ல இல பாத்து, கட்டில நடுவில இருந்து எடுத்து, காசும் ஒள்ளுப்பம் குறைச்சி.

முதல்ல வந்தது எரிவு. கொச்சிக்காத் தூள் போட்ட கறி வாயில வைக்க ஏலாமப் போச்சு. மாமி அவருக்கு மட்டும் வேற சட்டியில உறைப்பில்லாம பால்கறி காச்சுவா, நாங்க எல்லாரும் அல்சரா இருக்கும், வயசு போகுது எண்டு நினைச்சம். அடுத்தது வாய் திறக்கிறது கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சிச்சு. கொட்டாவி விடக்குள்ள தாடையக் கையால பிடிப்பார். மாம்பழத்தக் கடிச்சுத் தின்ற மனுசன் கீறித் தரச்சொல்லிக் கேட்டார். கரண்டிய நேரா வைக்க ஏலாம சரிச்சு வச்சிச் சாப்பிட்டார். கன்னத்துக்குள்ள வெள்ளையாப் படை மாதிரி வந்திச்சு, அதுக்குப் பொறகு ஒரு புண். இடது பக்கம், பொயில ஒதுக்கிற அதே இடம். நோவு கூடினப்ப நோவு மரத்துப் போகட்டும் எண்டு அந்த இடத்திலயே இன்னும் ஒரு துண்டு பொயிலய வச்சார். எங்கட ஊரில பல்லு நோவுக்கும் அதைத்தானே செய்றம்.

எட்டு மாசம் எண்ணெயும் கசாயமுமாப் போச்சு.

ஆனா அந்த எட்டு மாசமும் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாம இருக்கல்ல, அதுதான் என்னால தாங்க ஏலாம இருக்கு. பிரசருக்கு மாசா மாசம் கிளினிக் போனவர். எந்தக் கிளினிக் எண்டு எழுத விரும்பல்ல, அங்க உள்ளவங்களும் ஒரு நாளைக்கு எத்தின பேரப் பாக்குறாங்க எண்டு எனக்குத் தெரியும். அங்க கேட்டது "புகைத்தல் பழக்கம் இருக்கா" எண்டு. மாமா "இல்ல" எண்டார். பொய்யில்லதானே, அவர் புகைக்கல்ல. கொப்பியில இல்ல எண்டு எழுதியாச்சு. டொக்டருக்கு முன்னால வெத்திலயோட போறது மரியாத இல்ல எண்டு வீட்டிலயே துப்பி, வாய் கொப்புளிச்சு, பல்லு மினுக்கிட்டுத்தான் போவார். வாயத் திறங்க எண்டு ஒருத்தரும் சொல்லல்ல, வெத்தில போடுறீங்களா எண்டும் ஒருத்தரும் கேக்கல்ல. ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தா எட்டு மாசம் முந்தியிருக்கலாம். கேள்வி கேட்கிற தாளில "புகைக்கிறீங்களா" எண்டதோட "வெத்தில, பாக்கு, பொயில போடுறீங்களா" எண்டும் ஒரு வரி வேணும், இது எழுதுறதில என்ட முதல் வேண்டுகோள் எண்டு எடுத்துக்கொள்ளுங்க.

கடசியில நான்தான் வற்புறுத்திப் பல்லு டொக்டர்ட கூட்டிக்கொண்டு போனன். அந்த டொக்டர் ஒரு சின்னப் புள்ள, என்ட மகள்ட வயசுதான் இருக்கும். மாமாட பக்கத்தில கதிரைய இழுத்துப் போட்டு இருந்து, "ஐயா, உங்கட மூணு விரலச் சேத்து நிமித்திப் பிடிச்சு வாய்க்குள்ள வைங்க பாப்பம்" எண்டு கேட்டா. நல்லா இருக்கிற வாய்க்குள்ள அவரவர்ர மூணு விரல் போகுமாம். மாமா வச்சுப் பாத்தார். ஒரு விரல் போச்சு. ரெண்டாவது பல்லில இடிச்சிக்கொண்டு நிண்டிச்சு. மண்வெட்டி பிடிச்சுத் தடிச்ச விரல். அவர் என்னத் திரும்பிப் பாத்தார், ஏதோ பிழையா வச்சிட்டன் எண்டு நினைச்சாரோ என்னவோ, கைய எடுத்து வேட்டியில துடைச்சிட்டுத் திரும்ப ஒருக்கா வச்சுப் பாத்தார்.

சதையில ஒரு துண்டு வெட்டி அனுப்பினாங்க. புற்றுநோய் எண்டு வந்திச்சு. ஒப்பரேசன் செஞ்சு தாடையில ஒரு பக்கம் எடுத்தாங்க, ரேடியேசன் குடுத்தாங்க, மூக்கால குழாய் விட்டுத்தான் சாப்பாடு. பேச்சு இல்ல. நான் பாக்கப் போற நேரமெல்லாம் அவர்ர வலது கை இடுப்பத் தடவும், கொட்டப்பெட்டி இருக்கிற இடத்த. தானாப் போற கை அது. போன வருசம் மாசியில செத்திட்டார்.

அந்த டொக்டர்ப் புள்ள எங்களுக்கு விளங்கப்படுத்தினதையும், அதுக்குப் பொறகு நான் தேடிப் படிச்சதையும் சேத்து எழுதுறன், ஏனெண்டா எங்கட சனத்துக்கு இத ஒருத்தரும் முழுசாச் சொல்றல்ல.

சுண்ணாம்பு ருசிக்கு எண்டுதான் நானும் நினைச்சது. சுண்ணாம்பு பட்டோடன வாய்க்குள்ள காரத் தன்ம கூடுது, அப்பிடிக் கூடினா பொயிலயில இருக்கிற நிக்கொட்டின் கன்னத்துத் தோலால கெதியா ரத்தத்துக்குப் போகுது. அதுதான் சுண்ணாம்பு இல்லாட்டி பொயில "பிடிக்கல்ல" எண்டு சொல்றம். போதாததுக்கு சுண்ணாம்பே மெல்லிய தோலப் புண்ணாக்கும், புண்ணாகின இடத்தால நஞ்சு இன்னும் லேசா இறங்கும். பொயிலய உலத்திப் பதப்படுத்திற நேரத்திலயே அதுக்குள்ள நைட்ரோசமீன் எண்ட சாமான் உண்டாகுது, நெருப்பு வச்சாத்தான் நஞ்சு வரும் எண்டு இல்ல. புகையில்லாட்டி பழுதில்ல எண்ட எங்கட நம்பிக்க அடியிலயே பிழ.

பாக்கு அடுத்தது. இது எனக்கு மிச்சம் அதிர்ச்சியா இருந்திச்சு. வாய் இறுகிறதுக்குக் காரணம் பொயில இல்ல, பாக்கு. பாக்கில அரக்கொலின் எண்ட ஒரு சத்து இருக்கு, அது கன்னத்துக்குள்ள இருக்கிற மெதுமையான சதைய நார் நாராத் தடிக்க வைக்குது, ரப்பர் மாதிரி இருக்கிற கன்னம் கயிறு மாதிரி ஆகுது. அப்பிடி இறுகினது பொறகு பாக்க விட்டாலும் பழைய மாதிரி இளகாது, விட்டா இன்னும் மோசமாகாமப் பாதுகாக்கலாம், அவ்வளவுதான். அந்த இறுகின வாயில புற்றுநோய் வர இடமிருக்கு. பச்சப் பாக்கு, களிப்பாக்கு, காஞ்ச பாக்கு, எதிலயும் தப்பேலாது. உலக சுகாதார ஸ்தாபனத்துக்குக் கீழ பிரான்சில லியோன் நகரத்தில புற்றுநோய் ஆராய்ச்சிக்கெண்டு ஒரு நிலையம் இருக்கு, அவங்க 1985லேயே பொயில சேந்த வெத்திலக் கூறு மனுசருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் எண்டு சொல்லிட்டாங்க, 2004ல பொயில இல்லாத வெத்திலக் கூறும் அப்பிடித்தான், வெறும் பாக்கும் அப்பிடித்தான் எண்டு சொன்னாங்க. சிகரெட், அஸ்பெஸ்டஸ் எல்லாம் இருக்கிற அதே முதலாம் கூட்டத்திலதான் பாக்கும் இருக்கு. ஆகவே "நான் பொயில போடுறல்ல, வெறும் பாக்கும் வெத்திலயுந்தான்" எண்டு சொல்ற ஆக்களும் இத வாசிக்க வேணும். கூட்டுச் சேந்து கிடக்கிறதில வெத்தில இலைக்குப் பழி இல்ல, பழி பாக்குக்கும் பொயிலைக்கும்.

வாய் மட்டுமில்ல, பொயிலச் சாறு முழுங்கிறவங்களுக்கு தொண்டைக் குழாயிலயும் கணையத்திலயும் புற்றுநோய் வரலாம். கர்ப்பமா இருக்கிற புள்ளைகளுக்கு வாய் குமட்டுது எண்டு வெத்தில மடிச்சுக் குடுக்கிற வீடு எங்கட பக்கம் இன்னும் இருக்கு, அதில பொயிலயும் சேந்தா நிறை குறைஞ்ச புள்ள, வயித்திலயே செத்துப் பிறக்கிற புள்ள எண்டு ஆபத்து. மிட்வைப் மிஸ் வரக்குள்ள சிகரெட் குடிக்கிறீங்களா எண்டா எங்கட பொம்பிளைகள் சிரிப்பாங்க. 2015ல சுகாதார அமைச்சு நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில, பொம்பிளைகள்ல சிகரெட் பத்துற ஆள் ஆயிரத்தில ஒருத்தர்தான், ஆனா வாயில புகையிலை போடுறவங்க நூத்தில அஞ்சு பேர். ஆம்பிளைகள்ல கிட்டத்தட்ட நாலு பேருக்கு ஒருத்தர். இலங்கையில ஆம்பிளைகளுக்கு வாற புற்றுநோயில முதல் இடத்தில நிக்கிறது வாய்ப் புற்றுநோய் எண்டு சொல்றாங்க, இந்தக் கணக்கப் பாத்தாக் காரணம் தெரியும்.

மாமாட செத்த வீட்டைப் பத்தி எழுதாம விட ஏலாது. அண்டு ராத்திரி பந்தலுக்குள்ள கதிர போட்டு ஊர்ச்சனம் முழுக்க இருக்கு, பறமேளம் வெளிய. பித்தள வட்டா கை மாறிக் கை மாறிப் போகுது. ராத்திரி கண்முழிக்க வேணுமே, வழமதானே. வெத்தில நரம்பு கிள்ளி, பாக்குச் சீவி, சுண்ணாம்பு தடவி, பொயிலக் கிள்ளு வச்சு எல்லாரும் போடுறாங்க. நடுவில மாமா கிடக்கிறார், தாடையச் சுத்திக் கட்டின சீலையோட, அதுக்குள்ள ஒரு பக்கம் எலும்பில்ல எண்டு எனக்குத் தெரியும். வட்டா என்னட்ட வந்திச்சு. அதில கிடந்த பொயில எந்தப் பொயில எண்டு நான் பாத்தோடன கண்டுபிடிச்சன், அண்டைக்குக் காலம்பற என்ட கடையில இருந்து என்ட மச்சான் வாங்கிக்கொண்டு போனது, நான்தான் வெட்டிக் குடுத்தது. காசு வேணாம் எண்டு சொல்லிச் சும்மா குடுத்தது. என்ட கையில அந்த மணம் இன்னும் இருந்திச்சு.

எட்டாம் நாள் சடங்குக்கு அடுத்த நாள் மிச்சக் கட்ட வளவுக்குள்ள கிடங்கு கிண்டித் தாட்டன். அதுக்குப் பொறகு விக்கிறல்ல.

நட்டம் இருக்கு, இல்ல எண்டு சொல்ல மாட்டன். பொயில வாங்க வாற ஆள் அதோட சீனி, தேயில, தீப்பெட்டி எண்டு எல்லாம் வாங்கும், இப்ப எல்லாத்தையும் மத்தக் கடையில வாங்குது. சிலர் முகம் குடுத்துப் பேசுறல்ல. "பரம்பரையா நாங்க செய்றத நீ பெரிய டொக்டர் மாதிரி நிப்பாட்டப் போறியா" எண்டு ஒரு பெரியவர் கேட்டார். நான் அவருக்குச் சொன்னதையே இங்கயும் சொல்றன். வெத்தில பாக்கு பழசு, ஒத்துக்கொள்றன். எங்கட கண்ணகை அம்மன்ட கதைய எடுத்தாலும், மதுரையில கோவலனுக்குச் சோறு குடுத்து முடிய அவ வெத்திலயும் பாக்கும் குடுத்தா எண்டு சிலப்பதிகாரத்தில இருக்கு. ஆனா அதில பொயில இருந்திருக்க ஏலாது, பொயில அமெரிக்காப் பக்கத்துப் பயிர், கொலம்பஸ் 1492ல அங்க போனதுக்குப் பொறகுதான் வெள்ளக்காரர் கப்பல்ல உலகம் முழுக்கப் பரவினது, எங்கட தீவுக்கும் அப்பிடித்தான் வந்தது. கோயில் தட்டத்தில, தாம்பூலத்தில, கலியாணத்தில ஆள் அழைக்கிற வெத்திலயில எங்கயாவது பொயில வைக்கிறமா? வைக்கிறல்ல. சாமிக்கு வைக்காதத மனுசனுக்கு ஏன் வைக்கிறம். பாக்கு பழசுதான், அதுக்காக அது செய்ற வேல மாறாது, அத நான் அந்தப் பெரியவருக்குச் சொல்லக்குள்ள அவருக்குக் கோவம் வந்திட்டுது, எனக்கும் குரல் கூடிட்டுது. பொறகு நான் போய் மன்னிப்புக் கேட்டன். விசயத்த விடல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு. எங்கட வட்டையில நாத்து நடவு, களை பிடுங்கல், வெட்டு எண்டு கூலிக்கு வாற ஆக்களுக்கு காசோட வெத்தில பாக்கு பொயிலயும் குடுக்கிறது வயல் சொந்தக்காரப் போடியார்மார்ர வழம. பசி தெரியாது, களைப்புத் தெரியாது, மத்தியானச் சோறு பிந்தினாலும் சனம் முறைப்படாது. வெட்டு மெசின் வந்து ஆக்கள் குறைஞ்சாலும் அந்த வழம போகல்ல. நான் போடியார்மார்ட்ட கையெடுத்துக் கேக்கிறன், பொயிலைக்குப் போற காசுக்கு ஒரு தேத்தண்ணியும் பணிசும் கூடக் குடுங்க, பசிச்ச ஆளுக்குப் பசி தெரியத்தான் வேணும்.

பொடியன்மார்ர பாடு வேற. பாபுல், மாவா எண்டு சின்னச் சின்னப் பைக்கட்டில வருது. 2016 செப்டம்பர் 1ல இருந்து புகையில கலந்த இந்த மாதிரிச் சப்புற சாமான்கள் செய்றதும் விக்கிறதும் இறக்குமதி செய்றதும் இலங்கையில தடை. தடை எண்டாலும் பஸ் ஸ்டாண்ட்டிலயும் ட்யூசன் வாசல்லயும் பொடியன்மாருக்குக் கிடைக்குது, மட்டக்களப்பு அம்பாறை எண்டு இல்ல, தமிழ் ஊர் முஸ்லிம் ஊர் எண்டும் இல்ல. பிடிபடுறதும் அடிக்கடி உங்கட பேப்பர்லயே வருது. ஆனா எங்கட பொடியனுக்கு மாவா பிழையெண்டு சொல்ற நாங்க, அவன்ட கையில காசக் குடுத்து பெத்தாக்குப் பொயில வாங்க அனுப்பினா அவன் எத நம்புவான்? ரெண்டிலயும் உள்ளது ஒரே பாக்கு, ஒரே சுண்ணாம்பு, ஒரே புகையில.

விடுறது லேசு எண்டு நான் சொல்ல வரல்ல. என்ட அம்மாக்கு எழுபத்தொரு வயசு, நாப்பது வருசத்துக்கு மேல போட்டவ. தம்பி செத்ததுக்குப் பொறகும் ரெண்டு மாசம் ஒளிச்சு வச்சுப் போட்டா, தலையணைக்குக் கீழ கண்டு பிடிச்சன், ஏசல்ல. ஒரேயடியா விட ஏலாது மகன் எண்டு அழுதா. சரி எண்டு முதல் ராத்திரிப் படுக்கக்குள்ள வாயில வைக்கிறத நிப்பாட்டினம். பொறகு பொயிலய ஒவ்வொரு வாயாக் குறைச்சம், அதுக்குப் பொறகு பாக்கு. முதல் கிழம தலையிடி, பதட்டம், ஆரோடயும் எரிஞ்சு விழுறது, நித்திர இல்ல. அவக்குப் பிள்ள வளத்த மாதிரித்தான் நாங்க பக்கத்தில இருந்தம். கொட்டப்பெட்டிக்குள்ள பொயிலைக்குப் பதிலா ஏலமும் நற்சீரகமும் போட்டுக் குடுத்தம், கை அதத் தேடுதுதானே, கைக்கு ஏதாவது வேணும். 1948 எண்ட நம்பருக்கு எடுத்தா புகையில விடுறதுக்கு ஆலோசன சொல்றாங்க, அரசாங்கத்துட சேவைதான், தமிழ்ல கேட்டுப் பேசுங்க. அம்மா இப்ப ஏழு மாசமா இல்ல. கொச்சிக்காச் சம்பல் திரும்பச் சாப்பிடுறா.

இத வாசிக்கிற ஆக்கள் வீட்டில வெத்தில போடுற ஆள் இருந்தா இண்டைக்கே போன் டோச்ச அடிச்சு வாயப் பாருங்க. கன்னத்துக்குள்ள, நாக்குக்குக் கீழ, பல்லு முரசுக்கும் கன்னத்துக்கும் நடுவில. வெள்ளப் படையோ சிவப்புப் படையோ இருந்தா, ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண் இருந்தா, உறைப்பு எரிஞ்சா, மூணு விரல் போகாட்டி, கழுத்தில கட்டி தட்டுப்பட்டா, எண்ணெய் கசாயம் எண்டு நாளக் கடத்தாம ஆஸ்பத்திரிப் பல்லுக் கிளினிக்குக்குப் போங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்ல. நோவு இல்ல எண்டு இருக்காதீங்க, மாமாக்கும் முதல் ஆறு மாசம் நோவே இல்ல. ஆரம்பத்தில கண்டா சின்ன வெட்டோட போற நோய் இது.

கடக்கார சகோதரங்களுக்கும் ஒரு சொல். எல்லாரும் என்ன மாதிரி நிப்பாட்டுங்க எண்டு நான் கேக்கல்ல, குடும்பம் இருக்கு, எனக்கும் தெரியும். ஆனா சின்னப் புள்ள வந்து கேட்டா குடுக்காதீங்க. சிகரெட்டுக்குச் சொல்ற அதே பதிலச் சொல்லுங்க. கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகமும் திருவிழாக் கடைகளில, கந்தூரியில பொயிலக் கட போட இடம் குடுக்காட்டி பெரிய உதவி. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாமாரும் சிகரெட்டுக்குக் கடையில வந்து பாக்கிற மாதிரி சாக்குக்குக் கீழ இருக்கிறதையும் கேக்க வேணும், பொட்டலத்தில படம் போட்டுத்தான் விக்க வேணும் எண்டு அரசாங்கம் சட்டம் கொண்டு வர வேணும். எச்சரிக்கப் படம் பாத்து பயந்து சிகரெட்ட விட்ட ஆக்கள என்ட கடையிலயே கண்டிருக்கிறன், பொயிலைக்கும் அந்தப் பயம் வரட்டும்.

மாமாட முப்பத்தோராம் நாளுக்கு நாங்க வட்டா வச்சம். மாமி வைக்க வேணாம் எண்டுதான் முதல் சொன்னா, ஆனா வந்த ஆக்களுக்கு வட்டா நீட்டாம விடுறது அவக்கே மனம் கேக்கல்ல. வெறும் வெத்தில, ஏலம், கராம்பு, நற்சீரகம், ஒள்ளுப்பம் கற்கண்டு. கன பேர் எடுத்திட்டுச் சும்மா இருந்தாங்க. ரெண்டு பேர் எழும்பி ரோட்டுக்குப் போய் தங்கட கொட்டப்பெட்டியத் திறந்தாங்க. மாமாவோட பரண்ல காவலுக்குப் படுத்த ஒரு கூட்டாளி, அவருக்கும் எழுபது வயசிருக்கும், ஏலத்த வாயில போட்டு மெண்டுகொண்டு என்னப் பக்கத்தில கூப்பிட்டு, "மருமகன், அந்த மூணு விரல் எப்பிடி வைக்கிற எண்டு ஒருக்காக் காட்டுங்க" எண்டார். காட்டினன். அவருக்கு ரெண்டு விரல் போச்சு. அடுத்த நாள் காலம்பற முதல் பஸ்ஸில அவரக் கூட்டிக்கொண்டு போனன்.

இப்படிக்கு,
ஒரு கடக்காரன்,
படுவான்கரை, மட்டக்களப்பு.
(பேர் போட வேணாம் ஐயா, மாமிக்காக.)